யப்பானிற் பிறந்த வேட்டைத் துப்பாக்கி

பாவித்த பொருள் ஒன்றை விலைக்கு வாங்குவது பழைய நூல் ஒன்றை வாசிப்பது போன்றது. முதற்பக்கம் கிழிந்திருக்கும், ஓரங்களில் யாரோ எழுதிய குறிப்புகள் காணப்படும், இடையிற் சில ஏடுகள் இல்லாமலும் இருக்கும். ஆயினும், நிதானமாக வாசிக்கத் தெரிந்தவனுக்கு அந்நூல் தன் கதையை ஒளிக்காமற் கூறிவிடும். பாவித்த சைக்கிள், பாவித்த தையல் இயந்திரம், பாவித்த மோட்டார்க் கார் ஆகிய யாவற்றுக்கும் இது பொருந்தும். இவற்றுள் ஒன்றைத் தவறாக மதித்தவன் பெரும்பாலும் பணத்தையே இழப்பான். பாவித்த துப்பாக்கியைத் தவறாக மதித்தவனோ கண்ணையோ, கையையோ, உயிரையோ இழக்க நேரலாம். ஆதலால் இங்கே வாசிப்பு அதிக கவனத்தோடு நடைபெற வேண்டியதாகிறது.

அமெரிக்க நாட்டிலே காட்டுவாத்து, காடை முதலிய பறவைகளை வேட்டையாடுவதும், வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைக் குறிபார்த்துச் சுடுவதும் நெடுங்காலமாகப் பலருக்கு உவப்பான விளையாட்டுகள். அவற்றுக்கு வேண்டியது சன்னத் துப்பாக்கி. றைபிள் ஒரு வெடிக்கு ஒரே குண்டை உமிழ்வது. சன்னத் துப்பாக்கியோ தோட்டாவில் அடைக்கப்பட்ட சிறு ஈயச் சன்னங்களைக் கூட்டமாக வீசுவது. பறக்கும் பறவையை வீழ்த்துவதற்கு இதுவே ஏற்ற கருவி.

அந்நாட்டிற் பாவித்த துப்பாக்கிகளை விற்கும் கடைகள் பல உண்டு. அங்கே சுவரோரம் வரிசையாகச் சாத்தப்பட்டிருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிகளுள் ஒரு வகை புதியவரைத் திகைக்க வைக்கும். குழலின் மேலே வின்செஸ்டர், பிரவுணிங், இதாக்கா என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதே குழலின் வேறோரிடத்திலே, சிறிய எழுத்தில், 'யப்பானிற் செய்யப்பட்டது' என்றும் இருக்கும். அதைக் கண்டதும் முகஞ்சுளித்துத் திரும்ப வைத்துவிடுவோர் உளர். வியாபாரியின் இனிய சொல்லில் மயங்கி, ஒன்றும் பாராமல் விலை கொடுத்துவிடுவோரும் உளர். முன்னவர் ஊரின் பெயரைப் பார்த்து ஒதுக்கினார். பின்னவர் கம்பனியின் பெயரைப் பார்த்து வாங்கினார். கையிலிருந்த பொருளை இருவருமே பார்க்கவில்லை. அந்தப் பொருளை எவ்வாறு பார்ப்பது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

கரையொதுங்கிய இரு துப்பாக்கிகள்

யப்பானியர் துப்பாக்கி செய்யக் கற்ற வரலாறே கைமாறி வந்த பொருளை ஊன்றிப் பார்த்தறிந்த வரலாறுதான். 1543ஆம் ஆண்டில், தெற்கேயுள்ள தனெகஷிமா என்னும் சிறு தீவிலே சீனக் கப்பல் ஒன்று கரையொதுங்கியது. அதில் வந்த போர்த்துக்கேயரிடம் திரி வைத்து வெடிக்கும் நீண்ட துப்பாக்கிகள் இருந்தன. அத்தீவின் தலைவனான தோக்கிதாக்கா அப்பொழுது இளம்பிராயத்தினன். அவன் இரண்டு துப்பாக்கிகளை விலைக்கு வாங்கி, அவை போன்று செய்யுமாறு தன் கொல்லர்களுக்குக் கட்டளையிட்டான்.

வாள் அடிப்பதிலே தலைசிறந்த அக்கொல்லர்களுக்கு இரும்புக் குழலை உருவாக்குவது கடினமாக இருக்கவில்லை. குழலின் அடிப்புறத்தை அடைப்பதே கடினமாயிற்று. போர்த்துக்கேயத் துப்பாக்கியில் அது திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தது. அந்தத் திருகாணி வேலை யப்பானியக் கொல்லருக்குப் புதிது. யாயித்தா கின்பெய் என்னும் கொல்லன் அந்த நுட்பத்தை அறிவதற்காகத் தன் மகளையே ஒரு போர்த்துக்கேயனுக்கு மணஞ்செய்து கொடுத்தான் என்று அத்தீவில் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அடுத்து வந்த போர்த்துக்கேயர் வழியாக அந்த நுட்பம் கற்கப்பட்டது. சக்காய், குனித்தோமோ முதலிய ஊர்கள் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போயின. 32 ஆண்டுகளின் பின்னர், 1575இல், நகஷினோப் போர்க்களத்திலே ஒடா நொபுநாகாவின் துப்பாக்கி வீரர்கள் தகேதா குலத்தாரின் புகழ்பெற்ற குதிரைப்படையை முறியடித்தனர்.

ஆனால் அந்த வேகம் நீடிக்கவில்லை. 1588இல் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து வாள்களையும் துப்பாக்கிகளையும் பறிமுதல் செய்வித்தான். பின்வந்த தொக்குகாவா ஆட்சியின் நீண்ட அமைதியிலே துப்பாக்கிக்கு வேலை குறைந்தது. கொல்லரின் கைத்திறன் மட்டும் அருகியேனும் அழியாது நின்றது.

மேலே ஒரு பெயர், பிறப்பிடம் வேறு

இன்று பாவித்த துப்பாக்கிக் கடைகளிற் காணப்படும் யப்பானியத் துப்பாக்கிகளிற் பெரும்பாலானவை மூன்று தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. இம்மூன்றையும் அறிந்துகொண்டவனுக்கு வாசிப்பின் முதலாம் பாடம் முடிந்துவிடும்.

முதலாவது மிரோக்கு. ஷிக்கோக்குத் தீவின் கோச்சி மாகாணத்திலுள்ளது. 1893ஆம் ஆண்டளவில் தொடங்கிய தொழில் இது. திமிங்கில வேட்டைக்குரிய பீரங்கிகளையும் செய்தவர்கள் இவர்கள். 1960களில் இவர்கள் செய்த துப்பாக்கிகள் அமெரிக்காவிலே 'சார்ள்ஸ் டேலி' என்ற பெயருடன் விற்பனையாயின. முன்னொரு காலத்தில் ஜெர்மனியில் செய்வித்த துப்பாக்கிகளுக்கு இடப்பட்ட வியாபாரப் பெயர் அது. பின்னர் பிரவுணிங் கம்பனியோடு உறவு ஏற்பட்டது.

அந்த உறவைச் சற்று விரித்துக் கூறவேண்டும். துப்பாக்கி வல்லுநரான ஜோன் மோசஸ் பிரவுணிங் 1926இல் பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டல் நகரிலே காலமானார். ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல்கள் அமைந்த 'சுப்பர்போஸ்ட்' என்னும் துப்பாக்கியே அவர் இறுதியாக வகுத்தவற்றுள் ஒன்று. மகன் வால் அந்த வேலையை நிறைவு செய்தார். 1931 முதல் அது ஹெர்ஸ்டலில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. கைவேலை மிகுந்த அத்துப்பாக்கியின் அடக்கவிலை காலப்போக்கில் ஏறிக்கொண்டே போயிற்று. சாதாரண வேட்டைக்காரர் அதை எட்டிப் பார்க்க மட்டுமே முடிந்தது. அதனால் 1973இல் 'சிட்டோரி' என்னும் புதிய துப்பாக்கியைப் பிரவுணிங் கம்பனி வெளியிட்டது. தோற்றத்தில் அது சுப்பர்போஸ்டின் தம்பி. பிறந்ததோ மிரோக்குவின் தொழிற்சாலையில். பெல்ஜியத்தார் செய்தது போலாகுமா என்று அக்காலத்திற் பலர் ஐயுற்றனர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து நின்று அந்த ஐயத்துக்குச் சிட்டோரி பதில் கூறிவிட்டது.

இரண்டாவது தொழிற்சாலை எஸ்.கே.பி. இபராக்கி மாகாணத்தைச் சேர்ந்த சக்காபா குடும்பத்தார் 1855இல் தொடங்கிய தொழில் இது. சக்காபா என்னும் பெயரின் மெய்யெழுத்துகளே எஸ்.கே.பி. என்ற அடையாளமாயின. நியூயோர்க் மாநிலத்திலிருந்த இதாக்கா கம்பனி 1960களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறையப் பத்தாண்டு காலம் இவர்களின் துப்பாக்கிகளைத் தன் பெயரையும் சேர்த்து விற்றது. பக்கம் பக்கமாக இரு குழல்கள் அமைந்த இலகுவான துப்பாக்கிகளுக்கு இவர்கள் பேர்பெற்றவர்கள்.

மூன்றாவது தொச்சிகியிலிருந்த ஒலின் கோடென்ஷா. வின்செஸ்டரின் உரிமையாளரான அமெரிக்க ஒலின் கம்பனியும் ஒரு யப்பானியக் கம்பனியும் கூட்டாக நடத்திய தொழிற்சாலை அது. 1963 முதல் அமெரிக்காவில் விற்பனையான 'வின்செஸ்டர் 101' அங்கேயே பிறந்தது. 1987உடன் அத்தொழிற்சாலையின் 101 வரிசை முடிவுற்றது. அதனால் அவற்றுக்குரிய பாகங்களைத் தேடுவது இப்பொழுது எளிதன்று. சிட்டோரிக்கு அந்தக் கவலை குறைவு. வாங்குபவர் மனத்திற் கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

பழைய அமெரிக்கத் துப்பாக்கியே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்போர் ஒன்றை அறியவேண்டும். வின்செஸ்டர் கம்பனியின் நியூஹேவன் தொழிற்சாலை 2006இல் மூடப்பட்டது. அமெரிக்க மேற்குப் புறத்தின் பழங்கதைகளை நினைவூட்டும் நெம்புகோல் றைபிள்களை இன்று வின்செஸ்டர் என்ற பெயரோடு செய்து கொடுப்பவர்களும் மிரோக்குத் தொழிலாளரே!

எண்ணும் எழுத்தும்

துப்பாக்கியின் உலோகத்திலே பொறித்துள்ள எண்களும் குறிகளும் அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எனலாம். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் செய்யப்பட்ட, அல்லது இறக்குமதியான, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தொடர் எண் கட்டாயமாயிற்று. அந்த எண் சுரண்டப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும், துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு வருவதே முறை. எண்ணை மறைக்க வேண்டியவன் நேர்வழியில் அதைப் பெற்றவன் அல்லன்.

பிரவுணிங் கம்பனியார் 1970களின் நடுப்பகுதியிலிருந்து ஒரு நல்ல முறையைக் கைக்கொண்டனர். தொடர் எண்ணினிடையே இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். அவை ஆண்டைக் குறிக்கும் மறைமொழி. இசெட் 1, வை 2, எக்ஸ் 3, டபிள்யூ 4, வீ 5, ரீ 6, ஆர் 7, பீ 8, என் 9, எம் 0. இதன்படி 'ஆர் ரீ' என்றிருந்தால் 1976. 'பீ எக்ஸ்' என்றிருந்தால் 1983. நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்தது போன்ற துப்பாக்கி என்று வியாபாரி அளந்தாலும், அதன் வயதை இந்த இரண்டு எழுத்துகளும் சொல்லிவிடும். மாணவர்கள் மனனம் செய்து விளையாடுவதற்கும் இது சுவையான கணக்கு.

அடுத்தது குழல்வாயின் நெருக்கம். சன்னத் துப்பாக்கியின் குழல் வாயருகிலே சிறிது ஒடுங்கியிருக்கும். மிக இறுகிய குழலிலும் இந்த ஒடுக்கம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றரே. ஆனால் அந்தச் சிறு அளவுதான் சன்னங்கள் விரைவிற் சிதறுமா, தொலைவுவரை கூடிச் செல்லுமா என்பதைத் தீர்மானிக்கிறது. பிரவுணிங் துப்பாக்கிகளில் இதை நட்சத்திரக் குறிகளால் அறியலாம். ஒரு நட்சத்திரம் முழு நெருக்கம். இரண்டு நட்சத்திரம் நடுத்தரம். இரண்டு நட்சத்திரமும் ஒரு சிறு கோடும் அதனினும் தளர்ந்தது. மூன்று நட்சத்திரம் நெருக்கமே இல்லாத நேர்க்குழல். நட்சத்திரம் கூடக்கூடத் தரம் உயரும் என்று எண்ணுவது பிழை. நெருக்கம் குறைகிறது என்பதே பொருள்.

இந்தக் குறி மெய்தானா என்பதைச் சுட்டே அறியவேண்டும். 40 யார் தூரத்தில் பெரிய காகிதம் ஒன்றை நிறுத்திச் சுட்டு, சன்னங்கள் மிக நெருங்கி விழுந்த இடத்திலே 30 அங்குல வட்டம் வரைந்து எண்ணுவர். தோட்டாவிலுள்ள சன்னங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் வட்டத்துள் விழுந்தால் முழு நெருக்கம். 60 ஆனால் நடுத்தரம். 50 ஆனால் அதற்கடுத்தது. 40 ஆனால் நேர்க்குழல். பழைய உரிமையாளர் எவரேனும் குழல்வாயை வெட்டியோ கடைந்தோ இருந்தால், இரும்பிற் பொறித்த குறி பொய்யாகிவிடும். காகிதம் பொய் சொல்லாது.

பிரித்தானியாவில் விற்கப்பட்ட யப்பானியத் துப்பாக்கியாயின் மற்றொரு குறியும் இருக்கும். அந்நாட்டுச் சட்டப்படி, லண்டனிலோ பேர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையிலே வழமையிலும் கடுமையான வெடி வைத்துப் பார்த்துத் தேறிய பின்னரே துப்பாக்கி விற்பனைக்கு வரலாம். தேறியதற்கு அடையாளமாக முத்திரை குத்துவர். பேர்மிங்காம் சாலை 1813 முதல் இப்பணியைச் செய்து வருகிறது.

கையில் எடுத்த பின்

எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுக. இதுவே முதல் விதி. இதற்கு விலக்கு இல்லை. வெறுமையானது என்று கடைக்காரர் கூறினாலும், கையில் வாங்கியவுடன், வாயை ஆளில்லாத திசையிற் பிடித்து, திறந்து, கண்ணாற் கண்டு நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு இதில் ஓர் ஏற்றம் உண்டு. நடுவே மடித்துத் திறந்துவிட்டால், அது வெடிக்க முடியாத நிலையில் இருப்பதை எதிரே நிற்பவரும் காணலாம்.

இனிக் குழல்களுக்கும் உடலுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்க்கவேண்டும். கடைக்காரரின் அனுமதியோடு முன்கட்டையைக் கழற்றி, துப்பாக்கியை மூடி, பிடங்கை இறுகப் பிடித்துக் குழல்களை மெல்ல ஆட்டினால், கீல் தேய்ந்திருப்பின் கையில் அசைவு தெரியும். மூடிய நிலையிலே மேற்புறத்திலுள்ள திறப்பு நெம்பு எங்கே நிற்கிறது என்பதும் குறிப்பறியத் தக்கது. புதிய துப்பாக்கியில் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாக நிற்கும். பூட்டு தேயத் தேய நடுவுக்கு வரும். நடுவைக் கடந்து இடப்புறம் போயிருந்தால், அத்துப்பாக்கி மிகுதியாக உழைத்துவிட்டது என்று அறிக. பூட்டின் நாக்கு ஆப்புப்போற் சரிவாக அமைக்கப்பட்டிருப்பதனாலே, தேய்மானத்தை அது தானே ஈடுசெய்து நெடுங்காலம் இறுக்கமாக நிற்கும். சிட்டோரியின் நீண்ட ஆயுளுக்கு இது ஒரு காரணம்.

குழல்களைத் தனியே கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்க்கவேண்டும். நல்ல குழலின் உட்புறம் கண்ணாடிபோல் விளங்கும். பல யப்பானியக் குழல்களின் உட்புறத்திற் குறோமியம் பூசப்பட்டிருப்பதால், துருப்பிடிப்பது குறைவு. உள்ளே வளையம் போன்ற நிழல் தெரிந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சேறோ, பனியோ, வேறெதுவோ குழலை அடைத்திருந்தபோது சுட்டதனாற் குழல் வீங்கியதற்கு அது அடையாளமாகலாம். பிறகு குழல்களை விரலிலே தொங்கவிட்டு, சிறு மரத்துண்டினால் தட்டிப் பார்ப்பது பழைய தொழிலாளர் வழக்கம். இரு குழல்களையும் இணைக்கும் பட்டிகள் உறுதியாயிருந்தால் மணிபோல் ஒலிக்கும். எங்கேனும் ஒட்டு விட்டிருந்தால் உடைந்த பானையின் ஓசை வரும். சந்தையிலே குடம் வாங்கும் தாய்மார் தட்டிப் பார்ப்பதும் இதே கலைதான்!

விசையைச் சோதிப்பதற்குப் பொய்த் தோட்டாக்கள் உண்டு. ஒற்றை விசை பொருத்திய துப்பாக்கிகளிற் புதியவர் ஏமாறும் இடம் ஒன்றுள்ளது. விசையை ஒருமுறை இழுத்தால் முதற் குழலின் ஊசி அடிக்கும். மறுமுறை இழுத்தால் ஒன்றும் நிகழாது. பழுது என்று எண்ணிப் பலர் விட்டுவிடுவர். உண்மையில் அது பழுதன்று. முதல் வெடியின் உதைப்பு உள்ளேயுள்ள சிறு பாரத்தை அசைத்த பின்னரே இரண்டாம் குழலுக்கு விசை மாறும்படி பல துப்பாக்கிகள் வகுக்கப்பட்டுள்ளன. பொய்த் தோட்டாவில் உதைப்பு இல்லை. பிடங்கின் அடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டிவிட்டு மறுபடி இழுத்தால் இரண்டாம் ஊசியும் அடிக்கும். அப்பொழுதும் அடியாவிட்டாலே குறை.

மரத்திலே கீறல் இருப்பதும், இரும்பின் நீலப்பூச்சு கைபட்டு மங்கியிருப்பதும் பெருங்குறைகள் அல்ல. வயது வந்தவரின் முகச்சுருக்கம் போன்றவை அவை. அஞ்ச வேண்டியது அளவுக்கு மீறிய பளபளப்பையே. எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, அதன்மேல் புது நீலம் பூசியிருந்தால், துருவைத் தேய்த்து மறைத்திருக்கிறார்கள் என்பது தெளிவு. திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால், தொழில் தெரியாத கை உள்ளே புகுந்துள்ளது. பிடங்கின் தலைப்பகுதியில், உலோகத்தோடு சேருமிடத்திலே, மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்றும் நோக்குக.

12 என்பதும் 20 என்பதும்

உயிருக்கு ஆபத்து விளைப்பது பெரும்பாலும் துப்பாக்கியன்று, பொருந்தாத தோட்டாவே. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஓர் உருண்டை நுழையக்கூடிய குழலே 12 போர். அதன் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். இருபது உருண்டைகளாக்கினால் 20 போர், விட்டம் 15.6 மில்லிமீற்றர். ஆகவே, எண் பெருகக் குழல் சிறுக்கும்.

இங்கேதான் எமன் ஒளிந்திருக்கிறான். 20 போர்த் தோட்டாவைத் தவறுதலாக 12 போர்க் குழலில் இட்டால் அது உள்ளே வழுக்கிச் சென்று, தோட்டா அறைக்கு அப்பால் சிக்கி நிற்கும். திறந்து பார்ப்பவனுக்கு அறை வெறுமையாகத் தோன்றும். அவன் 12 போர்த் தோட்டாவை அதன் பின்னால் இட்டுச் சுடுவான். குழல் பிளந்து, அதைத் தாங்கிய கையையும் சிதைத்துவிடும். இந்த விபத்தைத் தவிர்ப்பதற்காகவே அமெரிக்காவில் 20 போர்த் தோட்டாக்களை மஞ்சள் நிறத்திற் செய்கின்றனர். இருவகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் வைக்காதிருப்பது அதனினும் நல்ல காவல்.

தோட்டாவின் நீளமும் அத்தகையதே. 1960களில் வந்த யப்பானியத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை 2¾ அங்குலத் தோட்டாவுக்கு உரியது. 3 அங்குலத் தோட்டாவும் அதில் நுழைந்துவிடும். நுழைந்தால் பொருந்தியது என்று எண்ணலாமா? கூடாது. தோட்டாவின் நீளத்தை வெடித்த பின், மடித்த வாய் விரிந்த நிலையிலேயே அளப்பர். குறுகிய அறையில் அந்த வாய் விரிய இடமின்றிக் குழலை நெரிக்க, உள்ளழுத்தம் அளவு மீறும். ஆதலால் குழலின் பக்கத்திலுள்ள அளவை வாசியாமல் தோட்டா வாங்கலாகாது.

மூன்றாவது எச்சரிக்கை உருக்குச் சன்னம் பற்றியது. நீர்நிலைகளில் விழுந்த ஈயச் சன்னங்களை விழுங்கிப் பறவைகள் நஞ்சேறி மடிந்தமையால், 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த உருக்குச் சன்னம் கடினமானது. ஈயத்தைப்போல் நெரிந்து கொடுக்காது. முழு நெருக்கமுள்ள பழைய குழலில் அதைச் சுட்டால் குழல்வாய் வீங்கக்கூடும். துப்பாக்கி பிறந்த காலத்து வழக்கமும் இன்றைய சட்டமும் இவ்வாறு முரண்படுமிடத்தில், ஐயம் தோன்றினால் துப்பாக்கித் தொழில் தெரிந்தவரிடம் காட்டி விசாரிப்பதே அறிவுடைமை.

செய்தவர் நாட்டிலே

உலகத்துக்கு இத்தனை அருமையான துப்பாக்கிகளைச் செய்து கொடுத்த யப்பானியர், தம் நாட்டிலே துப்பாக்கியை எளிதில் எவர் கையிலும் கொடுப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டமே அங்கு அடிப்படை. வேட்டைக்காகவோ விளையாட்டுக்காகவோ சன்னத் துப்பாக்கி வைத்திருக்க விரும்புபவர் வகுப்புக்குச் சென்று, எழுத்துப் பரீட்சையிலும் சுடும் பரீட்சையிலும் தேறவேண்டும். வைத்தியரின் சான்று வேண்டும். பொலிசார் அயலாரிடமும் குடும்பத்தாரிடமும் விசாரிப்பர். துப்பாக்கி பூட்டிய பெட்டியிலும் தோட்டாக்கள் வேறிடத்திலும் இருத்தல் வேண்டும். காலந்தோறும் பரிசோதனையும் உண்டு. கருவியின் வலிமையைச் செய்தவரே நன்கறிந்திருக்கின்றனர் போலும்!

அமெரிக்கக் கடைகளுக்கு வரும் பாவித்த துப்பாக்கிகளிற் பல, இறந்துபோன வேட்டைக்காரரின் வீடுகளிலிருந்து வருவன. அலமாரி மூலையில் இருந்ததை, அதன் மதிப்பறியாத விதவையோ பிள்ளைகளோ எடுத்து வருவர். "யப்பானில் செய்தது தானே!" என்று ஒரு சொல்லால் விலையைத் தாழ்த்திவிடுவது வியாபாரிக்கு எளிது. வாசிக்கத் தெரிந்தவர் அந்த அநியாயத்துக்கு உடன்பட மாட்டார். குறையுள்ள பொருளைக் கண்டு தம்மைக் காப்பதற்கு உதவும் அறிவே, குறையற்ற பொருளுக்கு உரிய விலையைக் கொடுக்கும்படியும் அவரைத் தூண்டும். அறிவு ஒருபக்கத் தராசாக இருத்தல் ஆகாது.

குப்பையிற் கிடந்தாலும் குன்றிமணி நிறம் போகாது என்பர் பெரியோர். கோச்சியிலும் இபராக்கியிலும் தொச்சிகியிலும் பெயர் தெரியாத தொழிலாளர் அரம்பிடித்து இழைத்துப் பொருத்திய இரும்பு, அரை நூற்றாண்டின் பின்னரும் மணிபோல் ஒலிக்கின்றது. மேலே எந்தக் கம்பனியின் பெயர் இருந்தாலும் அந்த ஒலி அவர்களுடையதே. எந்தப் பொருளை வாங்குவோரும் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடாமல், கையில் எடுத்து, தட்டி, ஒளியில் பிடித்து, பொறுமையோடு வாசித்து வாங்குவாராக.